மாமன் மடிக்கு வழி

எனக்கு வழி சொல்ல வருகிறவர்களை அன்றைக்கும் பிடிக்காது, இன்றைக்கும் பிடிக்காது. டிராக்டர் ஓட்டிப் பழகிய கை என்னுடையது. ராசிங்காபுரத்தில் எங்கள் தோட்டத்துக்குப் போகும் வண்டிப்பாதையில், முழங்கால் சேற்றில், டிரெய்லர் நிறைய வாழைத்தாரை ஏற்றிக்கொண்டு ரிவர்ஸில் வந்தவன் நான். அப்படிப்பட்டவனிடம் ஒரு ஜீப்பைக் கொடுத்துவிட்டு, எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம் "பாத்துப் போப்பா" என்றால் கோபம் வராதா?

எண்பதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆவணி மாதம், வாடகை ஜீப்பை எடுத்து நானே ஓட்டிக்கொண்டு கேரள மலைக்குப் போன கதை இது. கேரளா என்ன சிங்கப்பூரா என்று நீங்கள் கேட்கலாம். போடியில் எந்த மொட்டை மாடியில் நின்றாலும் அந்த மலை தெரியும், வாஸ்தவம்தான். ஆனால் போடிமெட்டைத் தாண்டினால் போர்டில் எழுத்து வேறு, பஸ்சில் எழுத்து வேறு, கடையில் பேச்சு வேறு. எஸ்டேட் வைத்திருந்தவர்களும் ஏலக்காய் எடுக்கப் போகிற பெண்களும் தினம் ஏறி இறங்கினார்கள். சோளமும் வாழையும் போட்டுப் பிழைத்த எங்களுக்கு அங்கே ஒரு சோலியும் கிடையாது. எங்களைப் பொறுத்தவரை அது வெளிநாடுதான்.

அந்த வருடம் சோலி வந்தது. என் தங்கை மகளுக்குக் காது குத்து.

தங்கையைக் கட்டிக்கொடுத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. கல்யாணப் பந்தலிலேயே தகராறு. மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்கு முதலில் நீட்ட வேண்டிய வெற்றிலைத் தட்டை எங்கள் பங்காளி ஒருவர் வேறு யாருக்கோ நீட்டிவிட்டார். அவ்வளவுதான். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். எங்கள் அப்பா சும்மா இருக்கிற ஆளா? "போறவுக போகட்டும்" என்றார். அந்த ஒரு சொல்லில் இரண்டு வீடும் இரண்டாகப் போயின. அவர்கள் பெண்ணை அனுப்ப மாட்டோம் என்றார்கள். இவர் அந்த வாசலை மிதிக்க மாட்டோம் என்றார். எங்கள் வீட்டில் அப்பா வாயிலிருந்து ஒன்று வந்துவிட்டால் அது எல்லாருக்கும் சேர்த்துத்தான். மாப்பிள்ளைக்குப் பூப்பாறைக்கு அந்தப் பக்கம் ஓர் ஏல எஸ்டேட்டில் மேனேஜர் வேலை. தாலி கட்டிய கையோடு மலை ஏறிய என் தங்கை அப்புறம் இறங்கவே இல்லை. தலைப்பிரசவத்துக்குக்கூட வரவில்லை. அம்மா அந்தப் பத்து மாதமும் மலையைப் பார்த்துப் பார்த்துத்தான் சோறு தின்றாள்.

காய் எடுக்கப் போகிற ஓர் அக்கா மூலமாகத்தான் செய்தி வந்தது. கூலியாட்களை ஏற்றி இறக்குகிற கூலி ஜீப்பிலிருந்து போடியில் இறங்கி, பஸ்சு பிடித்து எங்கள் வீடு தேடி வந்து சொன்னாள். "வர்ற வெள்ளிக்கிழமை பிள்ளைக்குக் காது குத்து. பத்தரைக்கு ராகுகாலம் பொறந்துரும், அதுக்குள்ள அண்ணன வரச் சொல்லுச்சு. அண்ணன் வரலைன்னா எஸ்டேட்டுக் கணக்குப்பிள்ளை மடியில உக்கார வச்சுக் குத்தப்போறாக. அத மட்டும் சொல்லிருங்கக்கான்னுச்சு."

எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குக் காது குத்துவது தாய்மாமன் மடியில்தான். மாமன் குத்துக்கல்லாட்டம் உயிரோடு இருக்கும்போது வேறொருவன் மடியில் வைத்துக் குத்தினால், இந்தப் பெண்ணுக்குப் பிறந்த வீடு இல்லை என்று ஊரைக் கூட்டிச் சொன்ன மாதிரி. அதற்கப்புறம் அவள் அந்த வீட்டில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. கேட்டுக்கொண்டிருந்த எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எவனோ ஒரு கணக்குப்பிள்ளை மடியா? நேராக அப்பா முன்னால் போய் நின்றேன்.

"நான் போறேன். வெத்தலத் தட்டு ஒங்க சண்டை. மடி என்னோடது."

அப்பா என்னைப் பார்க்கவில்லை. வேட்டியைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: "போறவன் நேரத்துக்குப் போ. லேட்டாப் போயி மானத்த வாங்காத." சம்மதம் என்று அவர் வாயால் அதற்குமேல் வராது. அம்மா அதற்குள் சேர்த்துவைத்த காசை எடுக்க அரிசிப் பானைக்குள் கையை விட்டுவிட்டாள்.

போடியில் ஏலக்காய் யாவாரம் செய்துகொண்டிருந்த ஒரு பாயிடம் ஜீப் இருந்தது. எனக்கும் அவருக்கும் பழக்கம். அவருடைய டிரைவர் சொந்த வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தான். "ஓட்டுறதுக்கு ஆளு இல்லையே மாப்ளே" என்றார் பாய். நான் இல்லையா என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சாவியைக் கொடுத்தார். கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தாரா? "மெட்டு வரைக்கும் கண்ண மூடிக்கிட்டுப் போகலாம். அதுக்கப்புறம் எஸ்டேட்டு ரோடு கொடல் மாதிரி சுத்திக்கிட்டுக் கெடக்கும். செக்போஸ்ட்டுல மலையாளத்து ஆளு ஒருத்தன ஏத்திக்க" என்றார்.

முதல் வழி அது. இரண்டாவது வழியைக் கொண்டுவந்தவன் என் மச்சான், என் மனைவியின் தம்பி. பள்ளிக்கூடத்தில் புவியியல் வாத்தியார். வகுப்புச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்த பெரிய மேப்பைக் கழற்றிச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்துவிட்டான். "மாமா, இது இருக்கிறப்போ எவனையும் கேக்கத் தேவையில்ல" என்று தரையில் விரித்தான். நாங்கள் நாலு பக்கமும் குனிந்து பார்த்தோம். போடி இருந்தது. மலை காப்பி நிறத்தில் இருந்தது. போடிமெட்டு ஒரு புள்ளியாக இருந்தது. அதற்கப்பால் ஒன்றுமே இல்லை. அது தமிழ்நாட்டு மேப். எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் முழுக்க வெள்ளையாக விட்டு, குறுக்கே கேரளம் என்று ஒரே ஒரு சொல்லைப் போட்டிருந்தார்கள். என் தங்கை அந்த வெள்ளைக்குள் எங்கேயோ இருந்தாள். "பேஷ், வாத்தியாரே!" என்றேன். மச்சானுக்கு முகம் சிறுத்துவிட்டது.

மூன்றாவது வழி என் மனைவியுடையது. "விடியக்காலம் கூலி ஜீப்பு வரிசையாப் போகும்ல? செய்தி கொண்டாந்த அக்கா எதுல ஏறுதோ அது பின்னாடியே போனா நேரா அந்த எஸ்டேட்டுதான்" என்றாள். யோசித்தால் அதுதான் சரியான யோசனை. ஆனால் என் புத்தி போன போக்கு வேறு. மாமன் சீர் கொண்டு போகிறவன் கூலி ஜீப்புக்குப் பின்னால் புகையைத் தின்றுகொண்டா போவான்?

"எனக்கு வாய் இருக்கு. கேட்டுக்கிட்டே போயிருவேன்" என்றேன். மதுரைச் சந்தையில் தெரியாத யாவாரியைக்கூடப் பேசியே மடக்கிய வாய் இது. மலையில் நாலு பேரிடம் வழி கேட்பது ஒரு காரியமா? அதுவே முடிவாயிற்று.

வெள்ளிக்கிழமை விடியும்போது கிளம்பினோம். நான், மனைவி, மச்சான் மூவர்தான். பின்னால் சீர்: வாழைத்தார், தேங்காய், அரிசி, வெல்லம், பட்சணம், சந்தனம், பிள்ளைக்குப் பட்டுப் பாவாடை, வளையல், தங்கத் தோடு, வாழைநாரில் கட்டிய ரோஜா மாலை. மேலே சாரல் அடிக்கும், பட்டு நனைந்துவிடும் என்று பாய் கடையில் புதுச் சாக்குகளை வாங்கி எல்லாவற்றையும் போர்த்திக் கட்டினோம். போடிக்காரர்களுக்குச் சாக்கு என்றால் தண்ணீர் மாதிரி. மழைக்கும் சாக்கு, படுக்கவும் சாக்கு, கால் துடைக்கவும் சாக்கு. அதில் யோசிக்க என்ன இருக்கிறது?

அடிவாரத்து முந்தலைத் தாண்டி மலை ஏறினேன். சும்மா சொல்லக்கூடாது, ஜீப் என் கைக்கு அப்படி அடங்கியது. கொண்டை ஊசி வளைவில் பஸ்சு எதிரே வந்தபோது மச்சான் கண்ணை மூடிக்கொண்டான். நான் ஒதுங்கி வழிவிட்டு, பஸ்சு டிரைவருக்குக் கையும் காட்டினேன். மெட்டில் பனி. செக்போஸ்ட்டில் தொப்பி போட்டவர் எட்டிப் பார்த்து எதையோ கேட்டார், போங்க என்றார். பூப்பாறைக்கு இறங்கும்போது மணி எட்டுகூட ஆகவில்லை. "பாத்தியா?" என்று மனைவியைக் கேட்டேன். அவள், "போய் எறங்குனப்பெறகு கேளுங்க" என்றாள்.

எஸ்டேட்டின் பேரை நாங்கள் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. தங்கை சொல்லியனுப்பிய அடையாளம் இதுதான். பூப்பாறை தாண்டி ரோட்டோரம் ஒரு சிலுவைக் கோயில், அங்கே திரும்பி இறங்கினால் சிவப்புத் தகரம் போட்ட ஸ்டோர், அதற்கு அடுத்த வீடு. ஸ்டோர் என்றால் கடை இல்லை. பச்சை ஏலக்காயைச் சூடு காட்டி உலர்த்துகிற கட்டடம். வந்து பார்த்தால் திருப்பத்துக்குத் திருப்பம் சிலுவைக் கோயில் இருந்தது, சரிவுக்குச் சரிவு சிவப்புத் தகரம் தெரிந்தது. சரி, நமக்குத்தான் வாய் இருக்கிறதே. ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். கண்ணாடித் தம்ளர் கழுவிக்கொண்டிருந்தவரிடம், "சேட்டா, இங்க செவப்புத் தகரம் போட்ட ஸ்டோரு எங்க இருக்கு?" என்று கேட்டேன். அவர் ஜீப்பைப் பார்த்தார். பின்பக்கம் பார்த்தார். "வலப்பக்கம் போய்க்கோ. நேரே இறங்கணும்" என்றார்.

போனேன். பாதை இறங்கியது, வளைந்தது, ஓர் ஓடைக்குள் இறங்கி ஏறியது. ஏலச்செடிகளுக்கு நடுவே காய் எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் தலை நிமிர்ந்தார்கள். தமிழ்ப் பெண்கள்தான். மாப்பிள்ளை பேரைச் சொல்லிக் கேட்டேன். ஒருத்தி மற்றவளைப் பார்த்தாள். "அப்பிடி யாரும் இல்லண்ணே. மேல போங்க" என்றாள் ஒருத்தி. மேலே போனேன். சுற்றிச் சுற்றி ஏறி வெளியே வந்தால் அதே டீக்கடை. அதே ஆள் அதே தம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"இப்ப இடது பக்கம் கேளுங்க" என்றாள் மனைவி. இடது பக்கம் காட்டியவர் ஒரு வாட்ச்மேன். அவர் சொன்ன பாதை ஒரு பெரிய கேட்டில் போய் முட்டியது. கேட்டுக்கு உள்ளே இரண்டு நாய்கள் எங்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடும் போலக் குதித்தன. பின்னுக்கு எடுத்து, திருப்பி, வந்து சேர்ந்தால் மறுபடியும் டீக்கடை. மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. மச்சான் பின்னால் இருந்து மெதுவாக, "மேப்ப ஒரு தடவ பாப்பமா மாமா?" என்றான். அவனை நான் அன்று கொல்லாமல் விட்டது அவன் அக்கா முகத்துக்காக.

எனக்குள் ஒரு பயம் புகுந்தது அப்போதுதான். அதுவரை நேரம் நம் கையில் என்றே இருந்தேன். இப்போது கண்ணுக்குள் வேறொன்று தெரிந்தது. எவனோ சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான், அவன் மடியில் பிள்ளை, பக்கத்தில் என் தங்கை தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறாள். இறங்கி, ஜீப் கதவை அறைந்து சாத்தினேன்.

"ஏன்யா, மனுசங்கதானே நீங்கள்லாம்? வழி கேட்டவன இப்பிடித்தான் சுத்த விடுவீங்களா? தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லித் தொலைய வேண்டியதுதானே!"

டீக்கடைக்காரர் கொஞ்சமும் அசரவில்லை. தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவரும் கடையை விட்டு வெளியே வந்தார். "பின்னே? காய் எடுக்குற சீசன்ல போடி வண்டி வருது. பின்னாடி புதுச் சாக்கு. எஸ்டேட்டு பேரு அறியாது, ஸ்டோரு எங்கேன்னு மட்டும் வேணும். களவுக்காய் வாங்க வந்த பார்ட்டிக்கு நான் வழி காட்டித் தரணுமோ?"

ராத்திரியோடு ராத்திரியாகத் திருடின காயை மலிவாக வாங்கிச் சாக்கில் கட்டிக் கீழே இறக்குகிற ஆட்களை அந்த மலையில் எல்லாருக்கும் தெரியும். அவர்களைச் சுற்றவிட்டுத் துரத்துவது அங்கே எழுதாத சட்டம். நான் போன இடத்திலெல்லாம் வாய் நிறைய ஸ்டோர், ஸ்டோர் என்று கேட்டு, நான்தான் அந்தத் திருடன் என்று நானே தண்டோரா போட்டிருக்கிறேன். மனைவிக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. "காது குத்துக்கு வந்தவுகளுக்கே நல்லாக் காது குத்திட்டாக" என்றாள்.

சிரித்துக்கொண்டே அவள் பின்னால் போய்ச் சாக்குக் கட்டை அவிழ்த்தாள். பட்டுப் பாவாடையை எடுத்து, மடிப்புக் கலைத்து, அந்த ஆள் முன்னால் விரித்துப் பிடித்தாள். இரண்டு வயதுப் பிள்ளைக்கு அளவெடுத்த பாவாடை, முழங்கை நீளம்கூட இருக்காது. "அண்ணே, இவுக தாய்மாமன். பிள்ளைக்குக் காது குத்து. பத்தரைக்குள்ள போகலைன்னா எங்க நாத்தனாளுக்குப் பொறந்த வீடு இல்லைன்னு ஆயிரும்."

டீக்கடைக்காரர் முகம் அப்படியே மாறியது. தலையில் கை வைத்தார். "எண்டெ தெய்வமே! மேனேஜர் வீட்டு மாமனா? அந்தப் பொண்ணு காலம்பறவே கேட்டுல வந்து வந்து பாக்குதுன்னு பால்காரன் சொன்னானே!"

வழியை அவர் கையை நீட்டிச் சொல்ல ஆரம்பித்தார். இரண்டு திருப்பம் வரைக்கும் என் மண்டையில் ஏறியது, அப்புறம் ஏறவில்லை. இன்னொரு தடவை கேட்க நேரமும் இல்லை. எனக்குப் புத்தியில் சுருக்கென்று ஒன்று பட்டது. நான் யார் என்று தெரியாமல்தானே இவ்வளவும்? சாக்குகளை உருவி ஜீப்புக்குள் தூக்கி எறிந்தேன். வாழைத்தாரை முன்பக்கக் கம்பியில் நிமிர்த்திக் கட்டினேன். ரோஜா மாலையைக் கண்ணாடிக்குக் குறுக்கே போட்டேன். சந்தனத்தைக் குழைத்துப் பானெட்டில் அப்பினேன். மச்சானைப் பின்னால் நிற்கவைத்து, தேங்காய்த் தட்டை ஒரு கையிலும் பட்டுப் பாவாடையை ஒரு கையிலும் கொடுத்தேன். "கீழ போட்ட, தொலைச்சிருவேன்" என்றேன். அவனுடைய மேப்பைப் பிள்ளைக்குக் கொண்டுவந்த பட்சணத்துக்கு மேலே மூடினோம், சாரலுக்கு. அப்புறம் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை.

அப்புறம் நான் ஒரு ஆளிடம் வழி கேட்டிருந்தால் கேளுங்கள்! சத்தம் கேட்டு ஏலச்செடிக்குள் இருந்து தலைகள் எழும்பின. முதலில் எங்களை மேலே போகச் சொன்ன அதே பெண்கள் ரோட்டுக்கு ஓடி வந்து, "அய்யோ, மாமன் வண்டிடி! எடது பக்கம்ண்ணே, எடது பக்கம், வெரசாப் போங்க!" என்று கத்தினார்கள். ஒருத்தி குலவை போட்டாள். வாட்ச்மேன் தடியை நீட்டியே பாதையைக் காட்டினார். ஒவ்வொரு பிரிவிலும் யாரோ ஒருவர் கை நீட்டிக்கொண்டு நின்றார். அழுகை என்று சொல்ல மாட்டேன், ஆனால் கண்ணாடி மங்கலாகத் தெரிந்தது சாரலால் மட்டும் இல்லை.

அவள் கேட்டில் நின்றுகொண்டிருந்தாள். மூன்று வருடத்தில் மெலிந்திருந்தாள். ஜீப் நிற்கும் முன்பே ஓடி வந்து, நான் கீழே காலை வைத்ததும் இரண்டு கையாலும் என் நெஞ்சில் குத்தினாள். "ஏண்ணே இம்புட்டு நேரம்? ஏண்ணே?" காலையிலிருந்து அவள் செய்த கூத்தைப் பிற்பாடு மாப்பிள்ளை சொன்னார். பிள்ளையை இரண்டு தரம் குளிப்பாட்டியிருக்கிறாள். போட்ட சட்டையில் பாலைக் கொட்டி வேறு சட்டை மாற்றியிருக்கிறாள். ஆசாரிக்கு மூன்றாவது காப்பி போட்டுக் கொடுத்திருக்கிறாள். எல்லாம் நேரத்தைக் கடத்தத்தான். அதற்குமேல் அவளால் கடத்த முடியவில்லை, அவளுடைய மாமியார் பிள்ளையைத் தூக்கிக் கணக்குப்பிள்ளை மடியில் வைத்துவிட்டாள்.

ஆமாம், நான் உள்ளே போனபோது அவர் மடியில்தான் பிள்ளை இருந்தாள். ஆசாரி ஊசியைக் கையில் எடுத்துவிட்டார். என்னைக் கண்டதும் அந்தக் கணக்குப்பிள்ளை பிள்ளையோடு எழுந்து பலகையை விட்டு விலகினார். "ஒங்க எடம்ங்க. உக்காருங்க" என்றார். சண்டைக்கென்று மலை ஏறி வந்தவனுக்குச் சண்டை போட ஆள் இல்லாமல் போயிற்று. நான் உட்கார்ந்தேன். பிள்ளையை என் மடியில் வைத்தார்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். வாழ்நாளில் முதல் தடவையாகப் பார்க்கிறாள். வீறிட்டு, உடம்பை வில்லாக வளைத்து, என் மடியிலிருந்து அவரைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினாள்.

"மாமா! மாமா!"

அவரைத்தான். தினம் தோளில் தூக்கிக்கொண்டு போனவர், மிட்டாய் வாங்கிக் கொடுத்தவர், அவர்தானே. அவருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. தங்கை சுவரோடு சாய்ந்துவிட்டாள். என் நெஞ்சில் விழுந்த அடி எப்படிப்பட்டது என்று எனக்குத்தான் தெரியும். ஆனால் ஆசாரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இங்க வாங்க" என்று நான் கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டேன். "எம் பக்கத்துல உக்காந்து பிள்ளை கையப் பிடிச்சுக்கங்க. மடி என்னுது. கை ஒங்களது."

அவர் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். முதல் காதில் ஊசி இறங்கியபோது அவர் பக்கம்தான் சாய்ந்து அழுதாள். நான் இடுப்பை விடாமல் பிடித்திருந்தேன். இரண்டாவது காதுக்கு ஆசாரி தலையை இந்தப் பக்கம் திருப்பினார். ஊசி இறங்கியது. வலியில் அவளுக்கு யார் எவர் என்றெல்லாம் இல்லை. கிட்டத்தில் இருந்தது என் சட்டைதான். அதைக் கொத்தாகப் பற்றி, முகத்தை அதற்குள் புதைத்துக்கொண்டு கத்தினாள். மூக்கும் கண்ணும் வாயுமாக எல்லாம் என் நெஞ்சில் ஈரமாக ஒட்டியது. தங்கை வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "ஒங்க மாமாடி. இவுகதான்டி ஒங்க மாமா" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். பிள்ளை அழுகையை நிறுத்தின பிறகும் அந்தச் சட்டையை விடவில்லை. நானும் சாப்பாட்டுப் பந்திக்கு எழுந்திருக்கவில்லை.